ஆர்க்கிட் மொட்டு ஏன் உதிர்கிறது, தண்டே ஏன் வரவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நம் ஊர் நர்சரிகளிலும் பூங்கொத்துக் கடைகளிலும் "வீட்டுக்குள் வைக்கிற ஆர்க்கிட்" என்று விற்பது பெரும்பாலும் ஃபெலனாப்சிஸ்தான். தடித்த அகல இலை நாலைந்து, பக்கவாட்டில் கிளம்பி வளைந்து நீளும் ஒரு தண்டு, அதில் வரிசையாகப் பூக்கள். வாங்கி வந்ததும் இரண்டு மூன்று மாதம் பூ நிற்கும். கேள்விகள் எல்லாம் அதற்கப்புறம்தான் வரும். இங்கே எழுதியிருப்பது அந்தச் செடிக்கு. அதிலும் சென்னை, மதுரை, கோவை மாதிரி ஊர்களில் ஃபிளாட்டுக்குள் வளர்ப்பவர்களுக்கு. குளிர்நாட்டு வீடுகளை நினைத்து எழுதிய குறிப்புகளை இங்கே அப்படியே பின்பற்றினால் பாதி பொருந்தாது.

மொட்டு உதிர்ந்தால் எல்லோரும் உதிர்ந்த மொட்டையே கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அதில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. எத்தனை உதிர்ந்தன, எந்த இடத்தில், எவ்வளவு வேகமாக என்பதுதான் துப்பு. ஓரிரு நாளில் மொத்தமும் போனால் காற்றைச் சந்தேகியுங்கள். வாரக்கணக்கில் ஒவ்வொன்றாகப் போனால் வேரைப் பாருங்கள். நுனியில் இருப்பவை மட்டும் காய்ந்தால் வெளிச்சத்தைக் கவனியுங்கள். இந்த மூன்றைப் பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

எல்லா மொட்டும் ஓரிரு நாளில் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன

நேற்றுவரை பச்சையாகப் பருத்திருந்த மொட்டுகள் திடீரென்று வெளுத்து, தொட்டாலே கையோடு வந்தால் முதல் சந்தேகம் எத்திலீன் வாயு. பழம் பழுக்க வைப்பது இந்த வாயுதான். பழத்துக்குப் "பழு" என்று சொல்வது ஃபெலனாப்சிஸ் மொட்டுக்கு "உதிர்" என்று கேட்கும். மிகக் குறைந்த அளவே போதும். மூக்குக்கு எதுவும் தெரியாது.

நம் வீடுகளில் இது எங்கிருந்து வருகிறது என்று பட்டியல் போட்டால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். டைனிங் டேபிளில் வாழைப்பழச் சீப்பு. சித்திரையில் அரிசி டப்பாவிலோ வைக்கோலிலோ பழுக்கப் போட்ட மாங்காய். கார்பைடு போட்டுப் பழுக்க வைத்த பழம் என்றால் அதிலிருந்து வரும் அசிட்டிலீனும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும். புகை எதுவானாலும் அதில் எத்திலீன் உண்டு: சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள், சிகரெட், காரிடாரில் ஓடும் ஜெனரேட்டர். ஆர்க்கிட்டை நாம் ஆசையாக வைக்கிற இடங்கள் சாப்பாட்டு மேசையும் பூஜை அறை வாசலும். மொட்டுக்கு வீட்டிலேயே மோசமான இடங்களும் அவைதான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டு சனி ஞாயிறில் மொட்டு கொட்டினால் சாமி குத்தமில்லை, புகைதான்.

செய்ய வேண்டியது: செடியைப் பழமும் புகையும் இல்லாத அறைக்கு மாற்றுங்கள், அறைக்குக் காற்றோட்டம் கொடுங்கள். உதிர்ந்தது உதிர்ந்ததுதான், ஆனால் தண்டு பச்சையாக இருந்தால் நுனியில் இன்னும் சில மொட்டுகள் வைக்க வாய்ப்புண்டு. அதனால் அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள்.

பழமும் இல்லை, புகையும் இல்லை என்றால் அடுத்த சந்தேகம் ஏசி. நம் ஊரில் இதற்கு ஒரு காலக்கணக்கு இருக்கிறது. ஃபெலனாப்சிஸ் பெரும்பாலும் மார்கழி, தை குளிரில்தான் தண்டு விடும். தண்டு கண்ணில் பட்டதிலிருந்து பூ விரிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதாவது மொட்டு பருத்து நிற்கும் நேரம் சரியாக மாசிக் கடைசி, பங்குனி. வெயில் ஏறி, ஆறு மாதமாகத் தொடாத ஏசியை முதல் தடவை போடுகிற வாரமும் அதுதான். வறண்ட குளிர்காற்று நேராக மொட்டில் அடிக்கும். காலையில் அணைத்ததும் அறை 33, 34 டிகிரிக்கு ஏறும். குளிரோ வெப்பமோ ஒன்று மட்டும் இருந்தால் செடி ஓரளவு சமாளிக்கும். இரண்டுக்கும் நடுவே தினமும் ஊசலாடுவதைத்தான் மொட்டு தாங்காது.

ஏசி காற்று போகும் பாதையிலிருந்து செடியைத் தள்ளி வையுங்கள். ஒரு தாம்பாளத்தில் கூழாங்கல் பரப்பி, கல்லுக்குக் கீழே நிற்கும் அளவு தண்ணீர் விட்டு, அதன்மேல் தொட்டியை வைத்தால் சுற்றுப்புறத்தில் கொஞ்சம் ஈரப்பதம் சேரும். தொட்டியின் அடி தண்ணீரில் படக்கூடாது. சீலிங் ஃபேன் மெதுவாக ஓடினால் கெடுதல் இல்லை. காற்று தேங்கிய மூலையைவிட அதுவே மேல்.

வாரத்துக்கு ஒன்று இரண்டாக உதிர்கின்றன. இலையும் தொய்வாக இருக்கிறது

இது வேர்ப் பிரச்சினை. மொட்டு முழுக்க நீர்தான். வேர் நீர் ஏற்றாவிட்டால் செடி முதலில் கைவிடுவது மொட்டை, இலையை அல்ல. அதனால் இலையில் சுருக்கம் தெரியும்போதே பிரச்சினைக்கு இரண்டு மூன்று வார வயதாகியிருக்கும்.

சுருங்கிய இலையைப் பார்த்தால் தண்ணீர் போதவில்லை என்றுதான் தோன்றும், இன்னும் ஊற்றத் தோன்றும். நிறுத்துங்கள். தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் இலை இதே மாதிரிதான் சுருங்கும். வேரைப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது. கடைச் செடி வரும் உள்தொட்டி பெரும்பாலும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். வெளியே தெரியும் பீங்கான் தொட்டி வெறும் அலங்காரம். உள்தொட்டியை வெளியே எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம், நனைந்ததும் பச்சை, அழுத்தினால் கெட்டி. செத்த வேர் பழுப்பு. அழுத்தினால் தோல் உரிந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். பீங்கான் தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கி நாறினால் விடை கிடைத்துவிட்டது.

இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை. சிறு வயதில் அந்தச் செடியை ஸ்பாக்னம் பாசியில் நட்டு, வளர்ந்ததும் அந்த உருண்டையோடு பெரிய தொட்டிக்கு மாற்றியிருப்பார்கள். தொட்டிக்குள் ஓரமெல்லாம் இருக்கும் மரப்பட்டைத் துண்டு காய்ந்திருக்கும். நடுவில், செடியின் கழுத்துக்கு நேர் கீழே, அந்தப் பாசி உருண்டை வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஒரு மூங்கில் குச்சியை நடுவில் செருகி கால் மணி நேரம் கழித்து எடுத்தால் ஈரம் தெரிந்துவிடும்.

மொட்டு இருக்கும்போது தொட்டி மாற்றுவது நல்லதில்லை. பாதி வேராவது நன்றாக இருந்தால் நீர் ஊற்றும் இடைவெளியை மட்டும் கூட்டி, பூ முடியும்வரை காத்திருங்கள். முக்கால்வாசி அழுகிவிட்டதென்றால் மொட்டைக் காப்பாற்ற நினைப்பதில் பொருளில்லை. தண்டை வெட்டி, அழுகியதை நீக்கி, புதுக் கலவையில் நடுங்கள். நம் ஊரில் கரித்துண்டு, ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு மூன்றும் கலந்து போடுவது வழக்கம். மட்டைத் துண்டில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை ஊறவைத்து, தண்ணீரை மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். தோட்ட மண் மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். இது காட்டில் மரத்தில் தொற்றி வளரும் செடி. வேருக்கு நீரைவிடக் காற்று முக்கியம்.

நீர் ஊற்றும் முறை எளிது. வேர் வெள்ளியாக மாறியதும், காலையில், குழாயடியில் ஒரு நிமிடம் நீர் ஊடுருவி ஓடும்படி பிடித்து, முழுவதும் வடியவிட்டுத் திரும்ப வையுங்கள். "வாரம் ஒரு நாள்" என்று நாள் குறிக்காதீர்கள். ஐப்பசி மழையில் பத்து நாள்கூடத் தாங்கும் தொட்டி பங்குனியில் நாலு நாளில் காய்ந்துவிடும். இலைகளின் நடுக்குருத்தில் நீர் நின்றால் துணியால் ஒற்றி எடுங்கள். அங்கே அழுகல் வந்தால் செடியே போய்விடும்.

வேர் நுனிகள் மட்டும் கருகி, கலவையின்மேல் வெள்ளைப் படிவம் தெரிந்தால் தண்ணீரின் உப்பு காரணம். சென்னையின் பல பகுதிகளில் போர்வெல் நீரின் டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) ஆயிரத்தைத் தாண்டும். இந்தச் செடிக்கு 200-க்குள் இருந்தால் நிம்மதி. மழைநீர் கிடைத்தால் அதைவிட உத்தமம் இல்லை. இல்லாவிட்டால் ஆர்ஓ வடிகட்டிய நீர். கவனியுங்கள், வடிகட்டிய நீர். மெஷினிலிருந்து கழிவாக வெளியேறும் நீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அதைச் செடிக்கு ஊற்றும் வீடுகள் நிறைய. ஆர்க்கிட்டுக்கு அது விஷம்.

கீழ் மொட்டுகள் பூத்தன. நுனியில் இருந்தவை காய்ந்துவிட்டன

கடைசி ஒன்றிரண்டு, அரிசி அளவுகூட வளராமல் காய்ந்தால் கவலைப்படாதீர்கள். தண்டின் நுனி தொடர்ந்து மொட்டு கட்டிக்கொண்டே போகும், எல்லாவற்றையும் செடியால் வளர்க்க முடியாது. பாதித் தண்டே அப்படிக் காய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. மொட்டு வந்த செடியை "எல்லோரும் பார்க்கட்டும்" என்று ஜன்னலிலிருந்து எடுத்து ஹால் நடுவே வைப்பதுதான் வழக்கமான காரணம். குறைந்தது பாதிப் பூவாவது விரியும்வரை ஜன்னலோரத்திலேயே இருக்கட்டும். ஜன்னலிலும் தொட்டியை அடிக்கடி திருப்பாதீர்கள். வெளிச்சம் வரும் பக்கத்தை வைத்தே பூ முகம் திருப்பும். திருப்பிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு பூ ஒவ்வொரு திசையில் நிற்கும். தொட்டியில் ஒரு பக்கம் மார்க்கர் கோடு போட்டுவிட்டால் கழுவி வைக்கும்போது குழப்பம் இருக்காது.

மொட்டு கோணலாக இருக்கிறது, பழுப்புக் கீறல் இருக்கிறது, அல்லது விரியாமலே நிற்கிறது

இது பூச்சி. மொட்டைப் பிரித்து வெள்ளைத் தாளின்மேல் தட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவில் மெல்லிய கோடுபோல ஏதாவது ஓடினால் இலைப்பேன். தண்டும் மொட்டும் சேரும் இடுக்கில் பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி. எறும்பு வரிசை தெரிந்தால் மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ எங்கோ இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். இலையின் அடிப்புறத்தையும் காய்ந்த உறைகளின் உட்புறத்தையும் பாருங்கள். மொட்டிலும் தண்டிலும் தெளிவான பிசுபிசுப்புத் துளிகள் மட்டும் இருந்து பூச்சி எதுவும் இல்லையென்றால் அது செடியே கசியவிடும் இனிப்பு நீர், நோயில்லை. ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வரும்.

மாவுப்பூச்சிக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைப்பது, வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். அலுப்பான வேலைதான், வேறு குறுக்குவழி இல்லை. வேப்பெண்ணெய்க் கரைசல் இலைக்கும் வேருக்கும் சரி. மொட்டின்மேல் எண்ணெய் பட்டால் இதழ் கறைபட்டுக் கருகும், எனவே தண்டை விட்டுவிட்டு அடியுங்கள். இலைப்பேன் நிறைய இருந்தால் அந்தத் தண்டை வெட்டி மூடிய கவரில் போட்டு எறிவதுதான் மற்ற செடிகளுக்குப் பாதுகாப்பு.

வாங்கி வந்த வாரமே உதிர்ந்துவிட்டது

வண்டியில் இருட்டில் வந்தது, செலோஃபேன் உறைக்குள் மூச்சடைத்து நின்றது, கடையில் வெட்டுப்பூக்கள் பக்கத்தில் இருந்தது. உதிர்வு கடையிலேயே முடிவாகிவிட்டது. உங்கள் வீட்டில் வெளிப்பட்டது, அவ்வளவுதான். வந்ததும் உறையைப் பிரியுங்கள், ஒரு வாரம் உரம் வேண்டாம். அடுத்த தடவை வாங்கும்போது மொட்டு அதிகம் இருக்கும் செடியைத் தேடாதீர்கள்; பாதிக்கு மேல் விரிந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

இலை நன்றாக வருகிறது, ஒரு வருடமாகத் தண்டே இல்லை

அதிகம் கேட்கப்படுவது இதுதான். "பூ பூக்கும் உரம்" வாங்கச் சொல்லும் அறிவுரையும் இதற்குத்தான் அதிகம் கிடைக்கும். பாஸ்பரஸைக் கூட்டிப் போட்டால் தண்டு வரும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தச் செடிக்குப் பூக்கச் சொல்லும் சமிக்ஞை வெப்பநிலை.

சில வாரங்கள் தொடர்ந்து சுமார் 26 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஃபெலனாப்சிஸ் கலப்பினங்கள் தண்டு விடும். "இரவில் குளிர்ச்சி வேண்டும்" என்றுதான் எல்லாக் குறிப்புகளும் சொல்லும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. இரண்டு கலப்பினங்களை வெவ்வேறு பகல், இரவு வெப்பத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். பகலில் 23, இரவில் 17 என்றால் பெரும்பாலான செடிகள் தண்டு விட்டன. பகலில் 29 வைத்து இரவில் அதே 17-க்கு இறக்கியபோது 20 வாரத்தில் ஒன்றுகூட விடவில்லை. பகல் சூடாக இருந்தால் இரவுக் குளிர் எடுபடாது.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். சென்னையில் தை மாதம் இரவு 21 வரை இறங்கும், பகல் 29-ஐத் தொடும். வீட்டுக்குள் நிழலான அறையில் 26, 27 இருக்கும். எல்லைக்கோட்டிலேயே நிற்கிறோம். அதனால்தான் ஒரே கடையில் வாங்கிய இரண்டு செடியில் கீழ்வீட்டுச் செடி பூக்கிறது, மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் வீட்டுச் செடி பூப்பதில்லை. பெங்களூரில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. படுக்கையறையில் ராத்திரி மட்டும் ஏசி போட்டுவிட்டு "குளிர்தான் கொடுத்தேனே" என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான். தைவானில் ஃபெலனாப்சிஸ் வளர்ப்போர் தண்டு வரவழைக்கச் செடிகளை மலைப்பகுதிக்கு ஏற்றியதும், பிறகு பசுமைக்குடிலையே குளிரூட்டியதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

ஆகவே வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அறையில், பகல் முழுக்க ஏசி 23, 24-ல் ஓடுகிற இடத்தில், நாலிலிருந்து ஆறு வாரம் செடி இருக்கட்டும். மார்கழியில் ஆரம்பித்தால் இரவுக்கு இயற்கையே பார்த்துக்கொள்ளும், மின்கட்டணமும் அடங்கும். ஜன்னல் இல்லாத அறையில் இது நடக்காது, ஏனென்றால் குளிரோடு வெளிச்சமும் வேண்டும்.

வெளிச்சம் எவ்வளவு? செல்போனில் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, இலை இருக்கும் உயரத்தில் வைத்துப் பாருங்கள். பளிச்சென்று இருக்கும் நேரத்தில் 10,000 முதல் 15,000 லக்ஸ் வரை இருந்தால் நல்லது. செயலி துல்லியமில்லை, ஆனால் சோபா மூலையில் முந்நூறு, நானூறு காட்டும்போது வித்தியாசம் புரிந்துவிடும். அலுவலக மேசை ஆர்க்கிட் பச்சைப்பசேலென்று இருந்தும் பூக்காததற்கு இதுதான் காரணம்: குளிர் இருக்கிறது, டியூப்லைட் வெளிச்சம் போதாது. இலை கரும்பச்சையாக இருந்தால் நிழல் அதிகம், இளம்பச்சைதான் சரி, ஓரம் சிவந்தால் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

கிழக்கு ஜன்னல் எந்த மாதத்திலும் தவறாது. வெளிநாட்டுக் குறிப்புகள் புகழும் தெற்கு ஜன்னலை இங்கே யோசித்துத்தான் நம்ப வேண்டும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை சென்னையில் உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும், தெற்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது. மார்கழியில் அதே ஜன்னலில் வெயில் அறைக்குள்ளேயே வந்து இலையைச் சுடும். மெல்லிய வெள்ளைத் திரை போட்டுவிடுங்கள்.

உரம் பற்றிச் சுருக்கமாக: 19:19:19 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் மூன்றும் சம அளவில் உள்ள, நீரில் கரையும் உரம்) லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை வெறும் நீரால் கழுவிவிடுவது. அதிலிருக்கும் நைட்ரஜனில் பெரும்பகுதி யூரியா. மண்ணில்லாத கலவையில் அது மெதுவாகத்தான் பயன்படும். நைட்ரேட் அதிகமுள்ள உரம் கிடைத்தால் அது மேல்.

தண்டு வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இலைக்கக்கத்திலிருந்து வரும் புது முளையின் நுனி உருண்டையாகப் பளபளத்தால் வேர். சப்பையாக, ஒரு பக்கம் மடிந்த விரலுறை போல இருந்தால் தண்டு. வேர் என்று நினைத்து அதைக் கலவைக்குள் திணித்துவிடாதீர்கள்.

இவ்வளவு பாடும் வேண்டாம், பால்கனி இருக்கிறது என்பவர்கள் டென்ட்ரோபியம் வாங்குங்கள். சோனியா போன்ற தாய்லாந்துக் கலப்பினங்கள் நம் வெயிலுக்கே பூக்கும். பாதி நிழல் தரும் வலைக்குக் கீழே வைத்தால் போதும். இலை உதிர்ந்த பழைய தண்டுகளை மட்டும் வெட்டாதீர்கள். அவற்றிலிருந்தும் பூ வரும்.

தண்டில் மொட்டுக்குப் பதில் குட்டிச்செடி வருகிறது

தண்டு கிளம்பிய பிறகு சூடு ஏறினால் கணுவிலிருக்கும் குருத்து பூவாகாமல் இலை விடும். தை முடிந்ததும் செடியை மொட்டைமாடி அறைக்குத் திருப்பி அனுப்பியிருந்தால் இது நடக்கும். குட்டியில் இரண்டு மூன்று இலையும் விரல் நீளத்துக்கு வேரும் வரட்டும். பிறகு கணுவின் இரு பக்கமும் தண்டை வெட்டி எடுத்துத் தனியாக நடலாம். தாய்ச்செடியில் ஒன்றிரண்டு இலைதான் இருக்கிறது, கழுத்தும் அழுகியிருக்கிறது என்றால் அது சாகும் முன் விட்ட வாரிசு. குட்டியைக் காப்பாற்றுங்கள்.

பூ விரிந்தது, ஆனால் சீக்கிரம் வாடுகிறது அல்லது புள்ளி விழுகிறது

ஒரே ஒரு பூ மட்டும் வாடினால் ஏதோ பூச்சி மகரந்தத்தைத் தொட்டிருக்கலாம். மகரந்தம் சேர்ந்த பூ உடனே மூடிக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து வாடினால் மேலே சொன்ன பழமும் புகையும்தான். இதழில் சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாக வந்தால் பூஞ்சை; ஏற்காடு, குன்னூர் போன்ற குளிர்ந்த ஈர ஊர்களிலும் அடைமழை நாட்களிலும் அதிகம். பூவின்மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள், காற்று ஓடட்டும், புள்ளி விழுந்த பூவைக் கிள்ளி எறியுங்கள்.

பூ முடிந்த தண்டை எங்கே வெட்டுவது

தண்டு பழுப்பாகிவிட்டால் அடியோடு வெட்டலாம். பச்சையாக இருந்து, செடியில் நான்கு நல்ல இலைக்குமேல் இருந்தால், கீழிருந்து மூன்றாவது கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். அங்கிருந்து கிளைத்து இரண்டாம் முறை பூக்கலாம். பூ கொஞ்சம் சிறிதாக இருக்கும். சென்னையில் அந்தக் கிளை பெரும்பாலும் வைகாசி வெயிலில் வந்து நிற்கும் என்பதால் நான் அடியோடு வெட்டவே சொல்வேன். கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு வெட்டுங்கள், வெட்டுவாயில் கொஞ்சம் மஞ்சள்தூள் வையுங்கள். தூள் வேரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலவை மாற்ற வேண்டியிருந்தால் அதற்கும் இதுவே நேரம்.